லைன் கிளியர் வாங்கியாச்சா?

கார் உபகரணக் கடைகளில் கேமரா மாட்டும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கு,

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவரும் ஹாரனும் தொங்கும் கடைகளின் வாசலில், காரின் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். புதுப்பேட்டையில் இருப்பவர்களுக்கும், கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊரிலும் இதே தொழில் பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். முதலாளிகளுக்கு எழுதவில்லை. ஸ்க்ரூ டிரைவர் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு எழுதுகிறேன்.

மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, 31 வருஷம் கழித்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்குச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒயர் வேலை செய்கிறவன் கை எந்த நேரத்தில் அவசரப்படும் என்று தெரியும், அவ்வளவுதான். ஓய்வுப் பணத்தில் ஒரு மின்கார் வாங்கினேன். அதற்கு முன்பக்கக் கேமரா மாட்டப் போய்ப் பட்டதையும் கற்றதையும் இதில் எழுதுகிறேன். முதலில் மாட்டிக்கொடுத்த கடை எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. மாட்டிய பையனும் கெட்டவன் இல்லை. பெட்ரோல் கார்களில் நூற்றுக்கணக்கில் கேமரா மாட்டிப் பழகிய கை. அந்தப் பழக்கம்தான் வினையாகிப் போனது.

"பின்னாடிதானே சார் எல்லாரும் கேமரா கேப்பாங்க, முன்னாடி எதுக்கு?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்குப் பின்பக்கச் சென்சார் கட்டாயம். அமெரிக்காவில் 2018 மே முதல் பின்பக்கக் கேமராவே கட்டாயமாகிவிட்டது. முன்பக்கத்தை ஓட்டுகிறவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். பார்க்க முடிகிறதா? என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இப்போதைய வண்டிகளின் பானெட்டோ திண்ணை மாதிரி உயர்ந்து நிற்கிறது. ஒருநாள் சாக்பீஸால் தரையில் கோடு போடச் சொல்லி மனைவியை முன்னால் நடக்கவிட்டு, நான் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தடி தள்ளிப் போட்ட கோடுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்தடிக்குள் குனிந்து பந்தெடுக்கும் பிள்ளை ஒன்று இருந்தால்? பெட்ரோல் காராக இருந்தால் இன்ஜின் உறுமலில் விலகியாவது போகும். இது பூனை மாதிரி வருகிற வண்டி.

இதற்கு மேல் மின்காருக்கென்றே ஒரு காரணம் உண்டு. சில வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் வாய் மூக்கிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் கோத்து 2019-ல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா அப்படித்தான். 2020 தொடக்கத்தில் வந்த எம்ஜி இசட்எஸ், 2024-ல் வந்த டாடா பஞ்ச் மின்வண்டி, இவற்றுக்கும் முன்னால்தான். பெட்ரோல் காரை ரிவர்ஸில் உள்ளே விட்டு, காலையில் நேராக ஓட்டிக்கொண்டு போவோம். மூக்கில் வாய் உள்ள மின்காரை அப்படி விட்டால் சுவரில் இருக்கும் சார்ஜரின் கேபிள் வண்டி நீளத்தையும் தாண்டி வர வேண்டும். வராது. ஆகவே தினமும் மூக்கைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்த வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் என் இடம் ஐந்து மீட்டர் நீளம். வண்டி 4.3 மீட்டர். மிச்சம் 70 சென்டிமீட்டர். சுவரை ஒட்டி நிறுத்தினால் பிளக்கைச் செருகக் கை நுழையாது. தள்ளி நிறுத்தினால் வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும்; மறுநாள் சங்கச் செயலாளரின் வாட்ஸப் குரல்பதிவு வரும். இந்த இரண்டு அடிக்குள் தினமும் கணக்குப் போட வேண்டியிருந்ததால்தான் கேமரா தேடி வந்தேன். வாகன நிறுவனங்களைக் கேட்டால், நாலு பக்கமும் காட்டும் கேமரா உயர்விலை ரகத்தில் இருக்கிறது என்று அந்த ரகத்தின் விலையைச் சொல்கிறார்கள். ஒரு கேமராவுக்காகச் சன்ரூஃபும் காற்றோட்ட இருக்கையும் வாங்க முடியுமா? என்னைப் போன்றவர்களுக்கு நீங்கள்தான் கதி.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

"அரை மணி நேரம் சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்றான் பையன். உண்மையிலேயே நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டான். 2,800 ரூபாய். பின்பக்கக் கேமரா படம் வருகிற அதே திரையில், ஒரு பட்டனை அழுத்தினால் முன்பக்கம் வந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் தூணில் இடித்தேன். ஒன்பதாம் எண் தூண், என் இடத்துக்கு இடதுபுறம் உள்ளது. திரையில் அது வலப்பக்கம் நின்றது. வலப்பக்கம் இருக்கிறதே என்று இடதுபுறம் ஒடித்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. ரிவர்ஸ் கேமரா படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றித்தான் காட்டும். பின்னால் பார்க்க அதுதான் சரி. முன்பக்கத்துக்கு அப்படியே நேர்ப்படம் வேண்டும். நீங்கள் மாட்டும் பல கேமராக்களில் ஒயரோடு ஒரு சின்ன வளையம் தொங்கும், அதை வெட்டினால் படம் மாறும். சிவப்பு மஞ்சள் பச்சைக் கோடுகளை எடுப்பதற்கு இன்னொரு வளையம். அந்தக் கோடுகள் பின்பக்க உயரத்துக்கு வரைந்தவை, முன்னால் மாட்டினால் பொய் சொல்லும். இரண்டு வளையமும் வெட்டாமலே இருந்தன. வெட்டுவதற்கு இரண்டு நொடி ஆகும். எனக்கு டிங்கரிங்கும் பெயிண்டுமாக ஐந்தாயிரம் ஆயிற்று.

இதைக்கூட மறந்துவிடலாம். அடுத்தது மறக்கக்கூடியதில்லை.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். ரயிலில் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்பினோம். சாவிப் பொத்தானை அழுத்துகிறேன், கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளித்து வைத்திருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனால், எந்த விளக்கும் எரியவில்லை. ஊருக்குப் போகும்போது பெரிய பேட்டரி 80 சதவீதம் இருந்தது. சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். அதற்கும் மறுமொழி இல்லை.

தம்பிகளே, இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். மின்காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, கணினிகள் எல்லாம் அதில்தான் விழிக்கின்றன. அதைவிட முக்கியமாக, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கிற கான்டாக்டர் மூடுவதும் இந்த 12 வோல்ட்டில்தான். எங்கள் சப்ஸ்டேஷனில் பிரேக்கரை இயக்க ஒரு தனி பேட்டரி அறை இருக்கும், அதே கதை. 110 கிலோவோல்ட் லைன் தலைக்கு மேல் ஓடினாலும் அந்தச் சின்ன பேட்டரி செத்தால் பிரேக்கர் அசையாது. ஓடும்போது பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி வழியாகச் சின்னது நிரம்பும். தூங்கும்போது சில வண்டிகள் அவ்வப்போது தாமாகவே எழுந்து நிரப்பிக்கொள்ளும். என்னுடையது அந்த ரகமில்லை.

பையன் கேமராவுக்கும், இரண்டு படத்தையும் மாற்றிக் காட்டும் பெட்டிக்கும் எப்போதும் உயிரோடு இருக்கிற மெயின் லைனிலிருந்து எடுத்துவிட்டான். பிற்பாடு மீட்டர் வைத்துப் பார்த்தேன், 180 மில்லி ஆம்பியர். அற்பம் என்று தோன்றும். ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர்-மணி ஆகிறது. எட்டு நாளில் 35. என் வண்டியின் சின்ன பேட்டரி மொத்தமே 35. பெட்ரோல் காராக இருந்தால் தள்ளியாவது ஸ்டார்ட் செய்திருப்போம். இதைத் தள்ளி எழுப்ப முடியாது. சக்கரத்தை உருட்டி இழுத்துக்கொண்டு போகவும் கூடாது, தட்டை லாரியில்தான் ஏற்ற வேண்டும். நல்லவேளையாக உதவிக்கு வந்தவர் சின்ன பூஸ்டர் பெட்டியைக் காட்டியதும் வண்டி எழுந்துகொண்டது.

அதன் பிறகு வேறொரு ஊரில் வேறொரு ஃபிட்டரிடம் போனேன். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். "முன்னாடி போட்டதை முழுசா கழட்டிட்டுத்தான் ஆரம்பிப்பேன், ஒத்துக்கிட்டா வண்டிய விடுங்க" என்றார். முதல் வேலையாகச் சாவியை வாங்கி, தன் கடைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். வண்டி 'ரெடி'யில் இருந்தாலும் சத்தம் வராது. உள்ளே யாராவது ஏறி மிதியில் கால் வைத்தால், பம்பருக்கு முன்னால் படுத்திருக்கிறவன் மேல் ஏறிவிடும் என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை அந்த நிமிஷமே வந்துவிட்டது. நாங்கள் இதை எல்.சி. என்போம். லைன் கிளியர். கம்பத்தில் ஏறும் முன் லைனை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று அனுமதி வாங்கி, அதன் பிறகும் சோதித்துப் பார்த்து, எர்த் ராடு மாட்டிவிட்டுத்தான் கை வைப்போம். நிறுத்திவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி ஏறியவர்களின் வீட்டுக்கு மாலையோடு போயிருக்கிறேன்.

அவர் பம்பரைக் கழற்றினார். மேலே நாலு ஸ்க்ரூ, சக்கர வளைவுகளில் இரண்டிரண்டு, மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பையன் கேமராவுக்குத் தாங்கு வைக்க முடுக்கிய ஸ்க்ரூவின் நுனி, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி ஆரஞ்சு நிறக் கேபிள்.

வாய் மூக்கில் இருந்தால் கேபிளும் மூக்குக்குப் பின்னால்தானே வரும்! கேமரா மாட்ட எல்லோரும் தேடுகிற நட்டநடு இடமும் அதுதான். ஆரஞ்சு என்றால் உயர் அழுத்தம். எந்த நாட்டு மின்கார் என்றாலும் இந்த நிறம்தான். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகன விதிகள் அதை உயர் அழுத்தமாகக் கணக்கில் வைக்கின்றன. இந்த வண்டிகளில் ஓடுவதோ 300, 400 வோல்ட். பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் வாய்க்குப் போகும் கேபிள், சார்ஜ் போடாத நேரத்தில் செத்துத்தான் கிடக்கும். ஆகவே நீங்கள் துளைத்த அன்று ஒன்றும் நடக்காது. வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே காசு கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த முறை சார்ஜ் போடும்போதுதான் காயம் பட்ட உறையின் விஷயம் வெளிவரும். பானெட்டுக்குக் கீழே இன்வெர்ட்டருக்கும் ஏ.சி. கம்ப்ரசருக்கும் போகும் ஆரஞ்சு கேபிள்களோ வண்டி 'ரெடி'யில் இருக்கும்போது உயிரோடுதான் இருக்கும்.

இன்னொன்று. உங்களுக்கு பாடி எர்த் பழக்கம். எந்த போல்ட்டில் கட்டினாலும் மைனஸ் கிடைக்கும் என்று கை தானாகப் போகும். 12 வோல்ட்டுக்கு அது சரி. உயர் அழுத்தத்துக்கு பாடியில் எர்த் கிடையாது; பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியை விட்டுத் தனியாக நிற்கும். எங்கேயாவது ஒட்டுகிறதா என்று வண்டியே ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் உறை கிழிந்து பாடியில் பட்டால் எச்சரிக்கை விளக்கைப் போடும்; ஓடமாட்டேன் என்று நின்றாலும் நிற்கும். அப்போது உங்கள் டெஸ்ட் லேம்பு ஒன்றும் சொல்லாது. மஞ்சள் நிற உறை கண்டால் ஏர்பேக், ஆரஞ்சு கண்டால் உயர் அழுத்தம். இரண்டையும் தொடாமல் வேலை முடிக்க வழி இருக்கிறது. அவர் முடித்தார்.

எப்படி முடித்தார் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்குப் பயனில்லை. கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. ஃபியூஸ் பெட்டியில், வண்டி விழித்திருக்கும்போது மட்டும் உயிர்பெறும் இடத்தை மீட்டரால் தேடினார். வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்து, அது உண்மையிலேயே செத்ததா என்று மறுபடி பார்த்தார். பூட்டிய பிறகும் மின்கார் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டுதான் இருக்குமாம். அந்த இடத்தில் ஃபியூஸ் டேப் ஒன்றைச் செருகி, தனியாக ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கேமராவுக்கு எடுத்தார்.

திரை விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். பழையபடி கம்பெனித் திரையிலேயே வர வேண்டும் என்றேன். அவர் மறுத்தார். புதிய வண்டிகள் பலவற்றில் பின்பக்கக் கேமரா படம் டிஜிட்டலாக வருகிறது, நம் மஞ்சள் பிளக்கைக் கொண்டுபோய் அதில் ஒட்டவைக்க முடியாது. ஒட்டும் வண்டியிலும் நடுவில் பெட்டி வைத்தால் நாளைக்குக் கம்பெனிப் படம் போனாலும் பழி நம்மேல் வரும் என்றார். திரையையே மாற்றிவிடலாமா என்றால், எத்தனை மணிக்குச் சார்ஜ் ஆக வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் அந்தத் திரைக்குள் இருக்கிறது, தொடாதீர்கள் என்றார். கடைசியில் ஐந்து அங்குலத் தனித்திரை ஒன்று டாஷ்போர்டில் உட்கார்ந்தது. அழகு கொஞ்சம் கம்மிதான். மனைவி இன்னும் அதை 'ஒட்டுப் பல்' என்கிறாள். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

பின்பக்கக் கேமராவுக்கு ரிவர்ஸ் விளக்கின் மின்சாரமே சைகை. முன்பக்கத்துக்கு அப்படி ஒரு சைகை கிடையாது. ரிவர்ஸ் விளக்கிலிருந்து இழுத்து, ரிவர்ஸை விட்டதும் பதினைந்து நொடி முன்பக்கம் காட்டும்படி சிலர் செய்கிறார்கள். எல்.இ.டி. விளக்குக்கு வண்டியின் கணினி மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பினால் படம் துடிக்கும்; கூடுதல் சுமையைக் கண்டு பல்பு கெட்டுவிட்டது என்று எச்சரிக்கை வந்தாலும் வரும். அவர் ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சாதாரணப் பட்டன் வைத்தார். வேண்டும்போது அழுத்திக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அது போதும்.

நம்பர் பிளேட்டு ஸ்க்ரூவிலேயே கேமராவைத் தொங்கவிடுவது உங்களில் பலருக்கு வழக்கம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருப்பது உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டு. அதன் ஸ்னாப் லாக்கைக் கழற்றினால் உடையும், திரும்பப் போட முடியாது. பிளேட்டுக்கு மேலே, நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி, கேபிள் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்து அவர் மாட்டினார். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டி என்றால் அதன் முகத்தை மறைக்கக் கூடாது, இடத்தை விட்டு அசைக்கவும் கூடாது. கேமரா தண்ணீருக்குத் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். இணைப்புக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மழைக்காலத்தில் நம் ஊர்த் தெருத் தண்ணீர் பம்பர் உயரத்துக்கு வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். இணைப்பை மேலே தூக்கிக் கட்டி, ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டு, பழைய ரப்பர் வளையத்தின் வழியாகவே உள்ளே கொண்டுபோனார். புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கடைச் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டேப்பால் அளந்து 30 சென்டிமீட்டரிலும் 60 சென்டிமீட்டரிலும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். 170 டிகிரி லென்ஸ் எதையும் தூரமாகக் காட்டும். கண்ணை நம்பினால் சுவரில்தான் போய் நிற்போம். அந்தக் கோடுகள் திரையில் எங்கே விழுகின்றனவோ அங்கே மெல்லிய கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டினார். இப்போது மேல் டேப்பில் சுவரின் அடி வந்து தொட்டதும் பிரேக்கை மிதிக்கிறேன். முன்னால் பிளக்குக்கு இரண்டடி, பின்னால் வால் கோட்டுக்குள். மொத்தம் நாலு மணி நேரம், 6,500 ரூபாய். நான் பேரம் பேசவில்லை.

நீங்களும் அரை மணி நேரம் என்று சொல்லாதீர்கள். மின்கார் என்றால் அரை நாள் ஆகும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அதற்குரிய கூலியைக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிற வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுங்கள். முதலாளி கோபித்துக்கொண்டால் இந்த மடலைக் காட்டுங்கள். மூக்கில் வாய் உள்ள வண்டி வந்தால், பம்பரைக் கழற்றிக் கண்ணால் பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். வேலை முடியும்வரை சாவி கடைக் கல்லாவுக்குள் இருக்கட்டும். பெரிய பேட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள். வெட்டிய ஒயர் ஒன்றைக் காட்டி அதில் கைவிரித்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்குப் பல லட்சம் நஷ்டம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முடித்துக் கொடுக்கும்போது பானெட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என் வண்டியில் அந்த ஃபிட்டர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்: "முன் கேமரா. உள் ஃபியூஸ் பெட்டி, மேல் வரிசை மூணாவது, 5 ஆம்பியர். கம்பெனி ஒயர் வெட்டல." கீழே தேதி, தன் கையெழுத்து. போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது அங்கிருந்த மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பானெட்டை மூடினார்.

இப்படிக்கு,
ஒன்பதாம் எண் தூணுக்கு வலப்பக்கத்து இடத்துக்காரன்